மியூசிக் அகாடமி சீசனுக்கு முதல் தடவை வருகிறவருக்கு

கேள்வி இதுதான்: “கோவையில் இருக்கிறேன். ரேடியோவில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன், ஆனால் ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. இந்த டிசம்பரில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு சென்னை மியூசிக் அகாடமி சீசனுக்கு வரலாம் என்றிருக்கிறேன். யார் யார் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பது?”

யார் கச்சேரி என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த நேரத்துக் கச்சேரி என்று பாருங்கள். அகாடமியின் அட்டவணை கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம், மாலைக் கச்சேரிகளில் தெரிந்த பெயர்களைத் தேடி வட்டம் போடுவது. தப்பில்லை. ஆனால் அந்தப் பெயர்களில் பாதிப் பேரைக் கோவையிலேயே வருஷத்தில் ஒருமுறை கேட்டுவிடலாம், யூடியூபிலும் மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அகாடமிக்கே உரிய விஷயங்கள் காலை எட்டு மணிக்கும் மதியம் பன்னிரண்டு மணிக்கும் நடக்கின்றன. அதுவும் டிக்கெட் இல்லாமல்.

சீசன் வழக்கமாக டிசம்பர் 15 அன்று தொடங்கி ஜனவரி 1 வரை ஓடும். தொடக்க விழா அன்று நாகஸ்வரம் உண்டு. மறுநாளிலிருந்து ஒரு நாள் எப்படிப் போகும் என்றால்: காலை எட்டு மணியை ஒட்டி, எல்லோரும் ‘லெக்-டெம்’ என்று சொல்லும் விளக்க உரை. அதன் பிறகு காலைக் கச்சேரி. நண்பகலில் ஓர் இளைஞர் பாடுவார் அல்லது வாசிப்பார். இரண்டு மணிவாக்கில் இன்னொருவர். நாலு மணிக்கு ஓரளவு பெயர் எடுத்தவர். ஏழு மணிவாக்கில் நட்சத்திரம். ஆண்டுக்கு ஆண்டு கால்மணி, அரைமணி முன்னே பின்னே மாறும், அதனால் அந்த வருஷத்து அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேர வரிசைதான் கர்நாடக இசை உலகின் உத்தியோக உயர்வுப் பட்டியல். “அவருக்கு நாலு மணி கொடுத்துவிட்டார்கள்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதை ஒரு பட்டம் கிடைத்த செய்தியாகவே எடுத்துக்கொள்வார். ஜூனியர், சப் சீனியர், சீனியர் என்று சபா வட்டாரத்தில் சொல்லுவார்கள். பன்னிரண்டு மணியில் பாடுகிற பிள்ளை நன்றாகப் பாடினால் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ இரண்டு மணிக்கு வரும், பிறகு நாலு மணிக்கு. ஏழு மணிக்கு வந்து சேர்வதற்குள் தலையில் நரை தட்டிவிடலாம், வராமலேயும் போகலாம். இன்று மாலையில் அரங்கை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பாதி காலியான நாற்காலிகளுக்கு முன் மதியம் பாடியவர்கள்தான்.

அதனால்தான் மதியக் கச்சேரியை விடாதீர்கள் என்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் போல. அதற்குள் ஒரு வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, ஒரு பெரிய ராகம், நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாவற்றையும் (இவை என்னவென்று பின்னால் சொல்கிறேன்) அடக்க வேண்டும். சிறந்த இளம் பாடகர், சிறந்த பக்கவாத்தியம், சிறந்த பல்லவி என்று அகாடமி பரிசுகள் கொடுக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவர்கள் அரங்கில்தான் எங்கோ உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவருக்கு அது தெரியும். ஆகவே குருவிடம் வருஷக்கணக்கில் பாடம் பண்ணிய அபூர்வமான கீர்த்தனையை எடுத்து வருவார்கள். மாலைக் கச்சேரியில் மக்கள் எதிர்பார்க்கிற பாட்டைப் பாடித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி உண்டு, மதியத்தில் அது குறைவு. உங்களுக்கு இன்னொரு லாபம்: கூட்டம் இல்லாததால் முன்னால் போய் உட்காரலாம். மிருதங்கக்காரரின் விரல், வயலின்காரரின் வில், பாடகர் தொடையில் போடும் தாளம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கேட்கிறவருக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் சீசன் என்றதும் மார்கழி, திருப்பாவை, பஜனை என்று காரணம் சொல்லுவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு போனது உண்மைதான், அந்த மாதத்துக்கும் பாட்டுக்கும் பழைய உறவு இருப்பதும் உண்மைதான். ஆனால் அகாடமியின் பிறப்பில் அரசியல் மாநாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸ் சென்னையில் கூடியபோது அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாட்டையும் நடத்தினார்கள். அங்கே பிறந்த யோசனைப்படி 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அகாடமியைத் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ், ஒரு மருத்துவர். முன்னின்று உழைத்த ஈ. கிருஷ்ண ஐயர் வக்கீல். கோர்ட்டும் காலேஜும் மூடியிருக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்! 2028இல் அகாடமிக்கு நூறு வயது.

தொடக்கத்தில் சொந்த இடம் கிடையாது, பல இடங்களில் மாறி மாறித்தான் நடந்தது. இப்போதைய கட்டடத்துக்கு 1955இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார், 1962இல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி பெயரால் டி.டி.கே. அரங்கம் என்று அழைக்கப்படுகிறது. வாசலில் போகிற சாலையும் அவர் பெயரில்தான். பழைய ஆட்கள் இன்னும் மௌப்ரீஸ் ரோடு என்பார்கள்.

பெயரைப் பாருங்கள், சபா என்று வைக்கவில்லை, அகாடமி என்று வைத்தார்கள். கச்சேரி நடத்துவதற்குச் சென்னையில் ஏற்கெனவே சபாக்கள் இருந்தன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்குப் பல வருஷம் மூத்தது. அகாடமியைத் தொடங்கியவர்களோ வித்வான்களையும் படித்தவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து விவாதிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இந்த ராகத்தில் இந்த ஸ்வரம் வரலாமா கூடாதா, இந்தப் பிரயோகம் பழையதா நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதா என்றெல்லாம் நிபுணர் குழு கூடிப் பேசியது, பாடிக் காட்டியது, சண்டையும் போட்டது. அது 1930இல் தொடங்கிய அகாடமியின் ஆய்வு இதழில் பதிவாகியிருக்கிறது. சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் பல பத்தாண்டுகள் செயலாளராக இருந்து இந்தப் பக்கத்தைக் கட்டிக் காத்தார். காலை எட்டு மணி விளக்க உரை அந்த விவாதங்களின் வாரிசு.

“ராகமே தெரியாது, நான் போய் என்ன செய்ய?” என்று நீங்கள் கேட்கலாம். போங்கள். ஒரு மணி நேரம்தான். ஒரு நாள் தீட்சிதர் கீர்த்தனை ஒன்றின் பழைய பாடத்தையும் இப்போது பாடுகிற பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாடிக் காட்டுவார்கள். இன்னொரு நாள் தேவாரப் பண், வேறொரு நாள் மிருதங்கத்தில் ஒரு குரு வழிக்கும் மற்றொரு குரு வழிக்கும் சொல்கட்டில், அதாவது வாசிக்கும் தாளச் சொற்களின் கோர்வையில், என்ன வித்தியாசம் என்பது. எல்லாம் புரியாது. ஆனால் ஒரே வரியை இரண்டு விதமாகப் பாடிக் கேட்டால் வித்தியாசம் காதில் விழத்தான் செய்யும், அதற்கு ராக ஞானம் வேண்டியதில்லை. சில உரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்லைடில் இருப்பதை அப்படியே படிக்கிறவர்கள் இங்கேயும் உண்டு. அப்படியானால் கேண்டீன் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் காலை அமர்வுகளுக்குத் தலைமை தாங்குகிறவர்தான் அந்த ஆண்டின் சங்கீத கலாநிதி, அதாவது அகாடமியின் மிகப் பெரிய பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பட்டத்தைப் பெரிதாகப் பேசுகிற செய்திகள் இந்த வேலையைச் சொல்வதே இல்லை. தினமும் காலையில் வந்து உட்கார்ந்து, உரை முடிந்ததும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே அந்த ஆண்டு தலைவர் யார் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அவர் பாடகரா, வீணையா, மிருதங்கமா என்பதைப் பொறுத்து காலையின் சுவையே மாறும். வழக்கமாகப் பல மாதம் முன்பே அறிவித்துவிடுவார்கள். பட்டம் கையில் கிடைப்பது கடைசி நாளான ஜனவரி 1 அன்று, சதஸ் என்கிற பட்டமளிப்பு விழாவில்.

பட்டம் 1942இல் வந்தது. அதற்கு முன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்களுக்கும் பின்னோக்கிக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் பட்டியலைப் படித்தால் ஒரு சமூகமே தெரியும். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் 1947இல் பெற்றபோது வயது 39. மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. ஒரு பெண்ணுக்குக் கிடைக்க அகாடமி தொடங்கி நாற்பது வருஷம் ஆயிற்று: 1968, எம்.எஸ். சுப்புலட்சுமி. நடனக் கலைஞர் என்று பார்த்தால் 1973இல் பாலசரஸ்வதி. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் பட்டியலில் இல்லை. அவருடைய பிள்ளைகள் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் விஜயலட்சுமியும் 2022க்கான பட்டத்தைப் பெற்றார்கள். 2024க்கு டி.எம். கிருஷ்ணா பெயரை அறிவித்தபோது சில கலைஞர்கள் அந்த வருஷம் பாடுவதில்லை என்று விலகிக்கொண்டார்கள், விவகாரம் கோர்ட் வரை போனது. பட்டம் என்றால் சண்டையும் கூடவே வரும். ரசிகர்களுக்கு அதுவும் சீசனின் ஒரு பகுதிதான், கேண்டீன் வரிசையில் வேறு எதைப் பேசுவது?

சரி, கச்சேரிக்குள் போவோம். நீங்கள் கேட்கப்போகிற கச்சேரியின் வடிவம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. முதலில் வர்ணம், குரலும் கையும் சூடாக. பிறகு சின்னச் சின்னக் கீர்த்தனைகள். நடுவில் ஒரு ராகத்தை எடுத்து விரிவாக ஆலாபனை செய்வார்கள். வார்த்தையும் தாளமும் இல்லாமல் ராகத்தின் உருவத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது அது. அப்போது வயலின்காரரைக் கவனியுங்கள். பாடகர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி பின்னால் நிழலாக வருவார். பாடகர் முடித்ததும் அதே ராகத்தை அவர் தனியாக வாசிப்பார். இது பலருக்கு இருமவும் செல்போன் பார்க்கவுமான நேரம், உங்களுக்கு அப்படி வேண்டாம். ஒரே ராகம் இரண்டு மனிதர்களிடம் எப்படி வேறு வேறாக இருக்கிறது என்று தெரிவது அங்கேதான்.

அதற்கப்புறம் கீர்த்தனை. அதில் ஒரு வரியை எடுத்து, வார்த்தை மாறாமல், தாளத்தில் அதன் இடம் மாறாமல், மெட்டை மட்டும் திரும்பத் திரும்ப வேறு விதமாகப் பாடினால் அது நிரவல். ஸ ரி க ம என்று பாடிப் பாடி ஒரே இடத்தில் வந்து விழுந்தால் கல்பனாஸ்வரம். பிறகு தனி ஆவர்த்தனம். மிருதங்கமும், கூட இருந்தால் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ, மாறி மாறி வாசிப்பார்கள். இந்த நேரத்தில் எழுந்து காபிக்குப் போகிற வழக்கம் சென்னையில் வேரூன்றிப் போயிருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. இரண்டு மணி நேரம் இன்னொருவருக்காக வாசித்தவர் தனக்காக வாசிக்கிற பத்துப் பதினைந்து நிமிஷம் அது. உட்கார்ந்திருங்கள்.

தாளம் போடக் கற்றுக்கொள்வது ராகம் கண்டுபிடிப்பதைவிட நூறு மடங்கு சுலபம், வருவதற்கு முன்பே வீட்டில் பழகிவிடலாம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், பிறகு ஒரு தட்டு ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு ஒரு வீச்சு. கச்சேரியில் பாதிப் பாட்டுக்கு இது போதும். தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடத்துக்கு எடுப்பு என்று பெயர், சில சமயம் அது தட்டோடு இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். அங்கே கை தடுமாறினால் பாடகரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். பக்கத்து சீட்டு மாமா ஒருவர் தப்பாகப் போட்டுக்கொண்டிருப்பார், அவரைப் பார்க்காதீர்கள்.

ராகத்துக்கு ஒரே வழி: கல்யாணி, தோடி, சங்கராபரணம், காம்போதி, மோகனம், இந்த ஐந்தை மட்டும் டிசம்பருக்குள் பலர் பாடித் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சீசனில் இவை அடிக்கடி வரும். மீதியை விட்டுவிடுங்கள். முன்பெல்லாம் பாட்டின் முதல் வரியை வைத்து ராகம் பார்க்கிற கையடக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பலர் உட்கார்ந்திருப்பார்கள், இப்போது போன். இரண்டுமே காதுக்கு இடைஞ்சல்தான்.

சீனியர் கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவி பெரும்பாலும் இருக்கும். ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு அரைமணி, முக்கால் மணி நேரம் கட்டுகிற மாளிகை அது. முதல் நாளே அதில் போய் மாட்டிக்கொண்டால் களைத்துப் போவீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு கேளுங்கள். கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சின்ன, லேசான பாட்டுகள், தில்லானா, மங்களம்.

துக்கடா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்கிற பாட்டில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமுமாக இருக்கும். தமிழ்ப் பாட்டுகள் நெடுங்காலம் கச்சேரியின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் தமிழில் பாடினால் என்ன என்று கேட்டு எழுந்த தமிழிசை இயக்கம் 1940களில் பெரிய சர்ச்சையானது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அந்தச் சண்டையில் அகாடமி எதிர்த்தரப்பில் நின்றது. இப்போது நிலைமை ரொம்ப மாறிவிட்டது, தமிழ்ப் பாட்டைப் பிரதானமாக எடுத்துப் பாடுகிறவர்கள் உண்டு, திருப்புகழும் பாசுரமும் ஒலிக்கின்றன. ஆனாலும் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிப் பார்த்தால் சென்னை முழுவதும் அங்கே இல்லை என்பது தெரியும். நாகஸ்வரத்துக்கு மங்கல இசை தாண்டி எத்தனை கச்சேரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அட்டவணையில் தேடிப் பாருங்கள், அதுவும் ஒரு கதை சொல்லும். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவும் அதே மாதத்தில்தான். ஒரு மாலையை அங்கே ஒதுக்குங்கள். பண் ஆராய்ச்சி என்று அவர்களும் விவாதம் நடத்துகிறார்கள்.

டிக்கெட் விஷயம். சீசன் முழுவதற்குமான டிக்கெட் உங்களுக்கு வேண்டாம். நாலு மணி, ஏழு மணிக் கச்சேரிகளுக்குத் தினசரி டிக்கெட் கிடைக்கும். பெரிய பெயர்களுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்ற காலம் உண்டு, ஆன்லைன் வந்த பிறகு வரிசை விரல் நுனிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பால்கனி மலிவு, ஒலியும் அங்கே மோசமில்லை. ஒரு வாரத்தில் மூன்று மாலை போதும். தினமும் காலை எட்டு முதல் இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்தால் நான்காம் நாள் எல்லா ராகமும் ஒன்றாகிவிடும். மீதி மாலைகளில் அதே சாலையில் தெற்கே இருக்கிற நாரத கான சபா, மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, தி. நகர் கிருஷ்ண கான சபா என்று ஒரு சுற்றுப் போகலாம். அகாடமியில் விறைப்பாகப் பாடியவர் வேறொரு சபாவில் சிரித்துக்கொண்டு பாடுவதைப் பார்ப்பீர்கள்.

கேண்டீனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு தகவல்: நாலு மணிக் கச்சேரி முடிந்து ஏழு மணிக் கச்சேரி தொடங்குவதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே பாய்வார்கள். காலை விளக்க உரை முடிந்ததும் போனால் பொங்கலும் வடையும் சூடாக, நிதானமாகச் சாப்பிடலாம். மேடையில் பார்த்தவரே பக்கத்து மேஜையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

தங்குவதற்கு மயிலாப்பூர், ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை இந்த மூன்றுக்குள் பாருங்கள். டிசம்பர் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும், தூரத்தில் தங்கினால் காலை எட்டு மணி கைநழுவும். அரங்கில் ஏசி ஜில்லென்று இருக்கும், ஒரு சால்வை எடுத்து வாருங்கள்.

வாரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் டிசம்பர் 18 முதல் 24 வரை வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து கூட்டம் நெரியும், ரூம் வாடகையும் ஏறிவிடும். நடனமும் பார்க்க ஆசை என்றால் மட்டும் கணக்கை மாற்றுங்கள், அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில் தனியாக நடக்கிறது. 1930களில் சதிர் என்று இகழப்பட்ட ஆட்டத்தை (இன்றைய பரதநாட்டியம்), எதிர்ப்பை மீறி, ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் மேடையேற்றியதும் இதே அகாடமிதான். அந்த விழாவுக்கு டிக்கெட்டும் அட்டவணையும் வேறு, அதை இன்னொரு பதிலில் எழுதுகிறேன்.